வாய்ச்சொல் உயில் ஆகாது

வரப்பு சரிந்திருக்கிறதா, மடையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று தினமும் பார்க்கிற விவசாயி, தமக்குப் பின் அந்த வயல் யாருக்கு என்பதை மட்டும் எழுதி வைக்க மறந்துவிடுகிறார். விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்தில் கோடைமேலழகியான் கால்வாய்ப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைகிற நிலத்துக்கு மதிப்பு அதிகம். அதனால் தகராறு வந்தால் அதுவும் பெரிதாகவே இருக்கும்.

"மேல வயல் பெரியவனுக்கு, கீழ வயல் சின்னவனுக்கு. மகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று" என்று பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேர் கேட்கச் சொல்லிவிடுகிறார். அதுவே போதும் என்று குடும்பமும் நினைக்கிறது. சட்டத்தின் முன் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. 1927 ஜனவரி 1 முதல் இந்துக்கள் செய்யும் உயில் எழுத்தில்தான் இருக்க வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

எழுதாமல் போனால்

ஒருவர் தாமே சம்பாதித்த 3 ஏக்கர் நஞ்சையை விட்டு, உயில் எழுதாமல் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு, ஆளுக்கு 75 செண்டு. காலமானவரின் தாயார் உயிருடன் இருந்தால் பங்கு ஐந்தாகும், ஆளுக்கு 60 செண்டு. மகளுக்குச் சீர் செய்துவிட்டோம் என்பதால் அவர் பங்கு குறையாது.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் கணக்கு வேறு. 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. தந்தை தமது பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். முழு வயலையும் எழுதி வைத்தால் மற்றவர்கள் பங்கைப் பொறுத்தவரை அது செல்லாது. எது சுயார்ஜிதம், எது பூர்வீகம் என்ற ஐயம் இருந்தால் மூலப் பத்திரங்களை வக்கீலிடம் காட்டித் தெரிந்துகொள்வது நல்லது.

எழுதும் முறை

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளே போதும். கவனிக்க வேண்டியவை:

1. எழுதுபவர் 18 வயது நிரம்பியவராக, நல்ல சுயநினைவுடன் இருக்க வேண்டும். கையெழுத்துத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம்.

2. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதியவர் கையெழுத்திட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும்.

3. சாட்சிகள் தம்மைவிட வயதில் இளையவர்களாக இருப்பது நல்லது. பின்னாளில் கோர்ட்டில் உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

4. "மேல வயல் ஆறு மரக்கால் விதைப்பாடு" என்று மட்டும் எழுதாதீர்கள். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, ஏக்கர் செண்டு, நான்கு எல்லை, கிணறு, பம்புசெட், வரப்பு மரம், வண்டிப்பாதை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

5. சொத்துப் பெறுகிற மகனே முன்னின்று உயிலை எழுதி வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். அப்படி நடந்தால் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு அவருடையது என்று 1959ல் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் குறைத்து எழுதுவதானால் அதற்குரிய காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

பதிவும் புரபேட்டும்

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதியாத உயிலும் செல்லும். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் தொலைந்து போகும் பயம் இல்லை. உயிலை முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி உண்டு. பதிந்த உயிலையும் பின்னர் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். எழுதியவர் உயிரோடு உள்ளவரை நிலம் அவருடையதே. செட்டில்மெண்ட் பத்திரம் அப்படியல்ல. எழுதிப் பதிந்ததும் உரிமை கைமாறிவிடும் என்பதால் யோசித்துச் செய்ய வேண்டும்.

உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்றே புரபேட். சென்னை நகரச் சொத்துக்கு அது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது. திருநெல்வேலி மாவட்ட நிலத்துக்கு அந்தக் கட்டாயம் முன்பும் இருந்ததில்லை. ஆகவே "புரபேட் இல்லாமல் பட்டா மாறாது" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம்.

உயில் எழுதியவர் காலமானபின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உயில், மூலப் பத்திரம் ஆகியவற்றுடன் பட்டா மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபித்தால் தாசில்தார் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். பட்டா பாட்டனார் பெயரிலேயே கிடந்தால் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவும், பயிர் இன்சூரன்ஸ் செய்யவும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் சிரமம்.

மற்றொரு தவறான எண்ணம் நாமினி பற்றியது. இன்சூரன்ஸில் மனைவியையோ மகனையோ பொதுவாக நாமினியாகப் போடுகிறோம். அவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை பெற்றவரே அன்றி, அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை என்று 1983ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. சட்டம் பின்னர் 2015ல் திருத்தப்பட்டு, மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் நாமினியானால் ஆயுள் இன்சூரன்ஸ் பணம் அவர்களுக்கே என்றாகியிருக்கிறது. நிலத்துக்கு நாமினி என்பதே கிடையாது.

மேலே சொன்ன பங்குக் கணக்கு இந்துக்களுக்கு உரியது. கிறிஸ்தவர் உயில் எழுதாமல் காலமானால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். அவர்கள் எழுதும் உயிலில் சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ சொத்து எழுதினால் அது செல்லாது. முஸ்லிம்கள் மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது.

பிசான அறுவடை முடிந்து ஓய்வாக இருக்கும் நாட்களில் பத்திரப் பெட்டியைத் திறந்து சர்வே எண்களைச் சரிபாருங்கள். மனைவியையும் மகன் மகள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசி, பிறகு எழுதுங்கள். உடன்பிறந்தவர்கள் ஒரே மடையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவர்கள். அவர்களைக் கோர்ட் வாசலில் நிறுத்தாமல் இருக்க ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும் போதும்.