பாலையும் கோதுமையையும் நிறுத்திய பிள்ளைக்கு என்ன குடிக்கக் கொடுப்பது? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குச் சாப்பாட்டு நேரம் பெரும் சோதனை. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், இவர்களுக்கு உணவுச் சிக்கல் வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு அதிகம் என்று 2013இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. நிறம், மணம், சூடு, திப்பி, டம்ளர் என எதில் சிறு மாற்றம் வந்தாலும் வாயை இறுக மூடிக்கொள்கிறார்கள். இதோடு பாலையும் கோதுமையையும் நிறுத்தும் ‘ஜி.எஃப்.சி.எஃப்.’ டயட்டும் சேரும்போது காலைப் பால், மதிய மோர், மாலை ஹார்லிக்ஸ் எல்லாம் போய்விடுகின்றன. பெரியவர்கள் விலக்கியவை ஒரு பக்கம், பிள்ளை தானாக விலக்கியவை மறுபக்கம். இரண்டிலும் சிக்காமல் மிஞ்சும் பானம் ஒன்றோ இரண்டோதான்.

அந்த ஒன்றிரண்டைப் பத்திரப்படுத்துங்கள். புதியது எதுவானாலும் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள குறிப்புகளெல்லாம் இந்த எண்ணத்தில் எழுதப்பட்டவை. ஒரு வயது தாண்டிய, விழுங்குவதில் சிரமம் இல்லாத பிள்ளைகளுக்கு இவை பொருந்தும்.

செய்ய வேண்டியவை

1. நிறுத்துவதற்கு முன் பரிசோதனை செய்யுங்கள்.
கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். ஆனால் பிள்ளை கோதுமை சாப்பிட்டுவரும் காலத்தில் எடுத்தால்தான் முடிவை நம்ப முடியும். நிறுத்திச் சில மாதம் கழித்து எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடக்கூடும். பால் ஒவ்வாமை, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரியாமை, கேசீன் என்ற பால் புரதத்தைத் தவிர்ப்பது மூன்றும் வெவ்வேறு. எதற்காக நிறுத்துகிறோம் என்று குழந்தை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எதைக் குடிக்கக் கொடுக்கலாம் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

2. இப்போது குடிப்பதை ஒரு வாரம் எழுதிவையுங்கள்.
என்ன பானம், எந்தக் கம்பெனி, எந்த டம்ளர், எவ்வளவு சூடு, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தார்கள் என்று குறியுங்கள். வீட்டுத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளை பாட்டி வீட்டில் மறுக்கலாம். கேன் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மாநகராட்சித் தண்ணீர் ஒவ்வொன்றுக்கும் தனி ருசி உண்டு. ஒரு வாரக் குறிப்பைப் பார்த்தாலே பிள்ளைக்குப் பிடிப்பது எது என்று புரியத் தொடங்கும். மருத்துவரும் உணவியல் நிபுணரும் முதலில் கேட்பதும் இதைத்தான்.

3. பாக்கெட்டின் பின்புறத்தை ஒவ்வொரு முறையும் படியுங்கள்.
ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்றவற்றின் அடிப்படையே பார்லி மால்ட், கோதுமை, பால் பவுடர் வகையறாதான். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் பார்லியிலும் உண்டு. கடையில் வாங்கும் ‘ராகி மால்ட்’ மிக்ஸில் பால் பவுடர் கலந்திருக்கலாம். பல தானியச் சத்துமாவில் கோதுமையோ பார்லியோ பெரும்பாலும் இருக்கும். அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை உண்டு. பலர் கவனிக்காத இன்னொன்று பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்கிறது. தெளிந்த ரசத்தை விரும்பிக் குடிக்கும் பிள்ளைக்கு அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தைத் தேடி வாங்குங்கள். ஓட்ஸிலும் கோதுமை கலந்துவிடுவது சகஜம். எனவே ஓட்ஸ் பால் வாங்கினால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டதையே வாங்குங்கள்.

பச்சைப் புள்ளி இருப்பதால் பால் இல்லை என்று நினைக்க வேண்டாம். பால் சைவக் கணக்கில்தான் வருகிறது. ஒவ்வாமை தரும் பொருட்களைப் பாக்கெட்டில் தனியாக அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

4. பாலோடு போகும் சத்தைக் கணக்குப் பார்த்து ஈடு செய்யுங்கள்.
200 மில்லி பசும்பாலில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் ஒரு டம்ளர் கஞ்சிக்கு நாம் போடுவது ஏறக்குறைய 20 கிராம் மாவு. அதில் கிடைப்பது 70 மில்லிகிராம்தான். கேழ்வரகு நல்லது, ஆனால் பாலின் இடத்தை அது ஒன்றே நிரப்பிவிடாது.

கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்த, சர்க்கரை சேர்க்காத சோயா பால் புரதத்தில் பசும்பாலுக்கு நெருங்கி வரும். இரண்டிலும் 100 மில்லிக்குச் சுமார் 3 கிராம் புரதம். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். சோயா ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மருந்தாகக் கால்சியம் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சைவ வீடுகளில் பாலும் தயிரும்தான் பி12 சத்துக்கு வழி. அவற்றை நிறுத்தினால் பி12 பற்றியும் மறக்காமல் கேளுங்கள்.

5. வீட்டுப் பானங்களில் தொடங்குங்கள்.
பாலும் கோதுமையும் இல்லாத பானங்கள் நம் சமையலறையிலேயே நிறைய இருக்கின்றன.

- கேழ்வரகுப் பால்: கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சுவது. திப்பி பிடிக்காத பிள்ளைக்கு ஏற்றது. சத்தில் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். வழவழப்பு பழகியதும் மாவுக் கஞ்சிக்கு மாறிப் பாருங்கள்.
- கம்பங்கூழ்: மோர் ஊற்றாமல் தண்ணீர் விட்டுக் கரைத்து, உப்புப் போட்டுக் கொடுங்கள். புளிப்பை விரும்பும் பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம்.
- நீராகாரம்: பழைய சோற்றுத் தண்ணீர், மோர் சேர்க்காமல். வெயில் காலத்துக்கு நல்லது.
- இளநீர்: வழுக்கைத் துணுக்கு நாக்கில் பட்டால் துப்பும் பிள்ளைக்கு வடிகட்டிக் கொடுங்கள். காய்க்குக் காய் ருசி மாறும். இரண்டு மூன்று காயைக் கலந்துவிட்டால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.
- எலுமிச்சை, நெல்லிக்காய்ச் சாறு: நிறையத் தண்ணீர் சேர்த்து, கொட்டையும் நாரும் இல்லாமல். பழமும் காயும் தொடாத பிள்ளைக்கு வைட்டமின் சி கிடைக்க இது ஒரு வழி. உணவு மிகக் குறுகிப்போன ஆட்டிசப் பிள்ளைகளுக்கு ஸ்கர்வி நோய் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.
- பானகம்: சுக்கின் காரத்தைப் பல பிள்ளைகளால் தாங்க முடியாது. முதலில் ஏலக்காய் மட்டும் போட்டு, வெல்லத்தைக் குறைத்துச் செய்யுங்கள்.
- முருங்கைக்கீரைத் தண்ணிச்சாறு, பருப்புத் தண்ணீர்: இனிப்பை விரும்பாத பிள்ளைக்கு. மிளகையும் பூண்டையும் பிறகு சேர்க்கலாம்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.
பாலிலிருந்து சோயா பாலுக்கு மாற மருத்துவர் சொன்னால், வழக்கமான டம்ளரில் முதலில் ஒரு தேக்கரண்டி சோயா பாலைப் பிள்ளை பார்க்கும்போதே சேருங்கள். இரண்டு மூன்று நாள் தொல்லையில்லாமல் குடித்தால் இரண்டு தேக்கரண்டி. முழுதாக மாற ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். ஒவ்வாமைக்காகப் பாலை நிறுத்தினால் மட்டும் இந்தக் கலப்பு வேண்டாம், ஏனெனில் ஒரு துளிப் பாலும் ஆபத்தாகலாம். அப்போது புதிய பானத்தைத் தனி டம்ளரில் பக்கத்தில் வையுங்கள். பார்ப்பது, தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, ஒரு மிடறு குடிப்பது என ஒவ்வொரு படியும் முன்னேற்றமே. பத்துப் பதினைந்து முறை கண்ணில் பட்ட பிறகே பல பிள்ளைகள் புதியதை ருசி பார்க்கிறார்கள்.

7. டம்ளரையும் சத்தத்தையும் கவனியுங்கள்.
எவர்சில்வர் டம்ளரின் விளிம்பும் உலோக வாசனையும் பிடிக்காத பிள்ளை, அதே பானத்தை மூடி போட்ட கப்பிலோ ஸ்ட்ராவிலோ குடிக்கும். தூக்கிக் குடிக்கச் சொல்லாதீர்கள், வாய் வைத்துக் குடிக்கட்டும். மிக்ஸி போடும் சத்தத்தைத் தாங்காத பிள்ளைக்கு, அந்தப் பானத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். முந்தின நாளே அரைத்து வையுங்கள். இல்லையென்றால் “மிக்ஸி போடப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.

8. தாகத்துக்குக் காத்திருக்காமல் நேரம் வையுங்கள்.
ஆட்டிசம் உள்ள சிலருக்கு உடம்புக்குள் எழும் தாகம் உறைப்பதில்லை. தெரிந்தாலும் கேட்கத் தெரியாமல் போகலாம். எழுந்ததும், பள்ளி கிளம்பும்போது, வந்ததும், விளையாடி முடித்ததும் என்று பட அட்டையில் டம்ளர் படம் ஒட்டிப் பழக்குங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலோ மலம் இறுகினாலோ தண்ணீர் போதவில்லை என்று கொள்ளலாம்.

9. எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள்.
தாத்தா, பாட்டி, அத்தை, பள்ளி ஆசிரியர், வேன் அக்கா எல்லோரிடமும் ‘கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது’ என்று இரண்டே பத்தியில் எழுதிய தாள் இருக்கட்டும். “ஒரு வாய் ரோஸ்மில்க் குடிச்சா என்ன ஆயிடப்போகுது?” என்பது பாசத்தில் வரும் கேள்வி. கோபப்படாமல் காரணத்தைச் சொல்லி, அவர்கள் கையால் கொடுக்கத் தகுந்த ஒரு பானத்தையும் சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.
ஒவ்வாமையோ சீலியாக்கோ உறுதியானால் உடனே நிறுத்தித்தான் ஆக வேண்டும். மற்றபடி, பால் ஒன்றையே நம்பியிருக்கும் பிள்ளையிடம், மாற்று பழகும் முன் பாலைப் பிடுங்கக் கூடாது. பாலைப் பறித்ததும் தண்ணீரையும் மறுத்துவிடும் பிள்ளைகள் உண்டு.

2. பிடித்த பானத்தில் மருந்தைக் கலக்காதீர்கள்.
இரும்புச் சத்துச் சொட்டு மருந்தோ கசப்பு மாத்திரையோ கலந்ததை நாக்கு கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பானம் அதோடு போயிற்று. உங்கள் மேலிருக்கும் நம்பிக்கையும் கூடவே போகும். மருந்துக்கு வேறு நேரம், வேறு கரண்டி வையுங்கள்.

3. மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள். பட்டினி போட்டும் பணியவைக்காதீர்கள்.
வலுக்கட்டாயமாக ஊற்றினால் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. “பசிச்சா தானே குடிப்பான்” என்ற பெரியவர்கள் பேச்சு இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பசியிலும் தாகத்திலும் வாடினாலும் ஒவ்வாத ஒன்றைத் தொடாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் வாசனை அவர்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம்.

4. நாட்டு மாட்டுப் பால் ஆகும், ஆட்டுப் பால் ஆகும் என்று நம்பாதீர்கள்.
ஏ2 பால், ஆட்டுப் பால், எருமைப் பால், லாக்டோஸ் நீக்கிய பால், தயிர், மோர் எல்லாவற்றிலும் கேசீன் உண்டு. கேசீனைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால் இவற்றில் எதுவும் மாற்று ஆகாது.

5. ‘பால்’ என்ற பெயரை மட்டும் பார்த்து மாற்றாதீர்கள்.
கடையில் வாங்கும், பசும்பால் கலக்காத பாதாம் பாலில் 100 மில்லிக்கு ஒரு கிராம் புரதம்கூடப் பெரும்பாலும் இருக்காது. தேங்காய்ப் பாலில் கொழுப்பு அதிகம், கால்சியம் மிகக் குறைவு. பாலுக்கு மாற்றாக விற்கும் அரிசிப் பானத்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும் என்பதால், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டன் அரசு அறிவுறுத்துகிறது. இவற்றை ருசிக்காக எப்போதாவது கொடுக்கலாம், அரிசிப் பானத்தை 5 வயதுக்குப் பிறகு. தினமும் பாலுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம்.

6. ஜூஸிலும் டப்பாவின் பெயரிலும் ஏமாறாதீர்கள்.
அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2017 பரிந்துரைப்படி, பழச்சாறு 1 முதல் 3 வயது வரை நாளுக்கு 120 மில்லியும், 4 முதல் 6 வயது வரை 180 மில்லியும் தாண்டக் கூடாது. நாள் முழுக்கச் சிப்பரில் இனிப்பை உறிஞ்சினால் பல் சொத்தையாகும். வெல்லமும் பனங்கற்கண்டும் இதற்கு விலக்கில்லை. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பட்டியலிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

7. டீ, காபி பழக்காதீர்கள்.
பால் இல்லாத வரக்காப்பி டயட்டுக்குள் அடங்கும் என்றாலும் பிள்ளைக்கு ஆகாது. தூக்கம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் பிள்ளைக்குக் காஃபீன் இன்னும் கெடுதல். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும்.

8. டயட்டையே ஆட்டிசத்துக்கு மருந்தாக நினைக்காதீர்கள்.
ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றுவதற்காகக் குளூட்டன், கேசீன் தவிர்க்கும் உணவுமுறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2013இல் வழிகாட்டியது. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆட்டிசம் உள்ள 4 முதல் 8 வயதுச் சிறுவர்களின் எலும்பு மெலிந்திருப்பதையும், கேசீன் தவிர்த்தவர்களிடம் அந்த மெலிவு கூடுதலாக இருப்பதையும் கண்டது. வயிற்றுக் கோளாறோ ஒவ்வாமையோ இருக்கும் பிள்ளைக்குக் கட்டுப்பாடு உண்மையிலேயே நன்மை செய்யலாம். மற்றவர்கள் உணவியல் நிபுணரோடு ஒரு காலக்கெடு வைத்துத் தொடங்க வேண்டும். பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

- எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, வாய் வறண்டு கண் குழிவது, சோர்ந்து கிடப்பது
- குடிக்கும்போது அடிக்கடி இருமல், புரையேறுதல், குரல் கரகரப்பு
- எடை குறைவது, ஈறில் ரத்தம், கால் வலியால் நடக்க மறுப்பது, மாலையில் பார்வை மங்குவது
- புதிய பானம் குடித்ததும் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சிரைப்பு

மாவட்டத் தலைநகரங்களில் அரசு மருத்துவமனையோடு இயங்கும் ஆரம்பகால இடையீட்டு மையம், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் தெரபிஸ்டுகளின் வழிகாட்டல் கிடைக்கும். போகும்போது நீங்கள் எழுதிய ஒரு வாரக் குறிப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை குடிக்கும் பத்து வகையோடு ஒப்பிட வேண்டாம். சத்துக்கணக்கு சரியாக இருந்தால், உங்கள் பிள்ளை இரண்டே பானத்தை நிம்மதியாகக் குடிப்பதும் நல்ல நிலைதான். மூன்றாவதைப் பிள்ளையின் வேகத்தில் பழக்கிக்கொள்ளலாம்.