நிலச் சட்டம்: வணிகருக்கு ஓர் அரிச்சுவடி



என் பேத்தி சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். இவ்வாண்டு அவளுக்குச் சொத்துரிமை மாற்றச் சட்டம் பாடமாக வந்திருக்கிறது. இரவு கடை அடைத்து வீடு வந்ததும் அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு எங்கே புரியப்போகிறது என்று முதலில் தயங்கினேன். படிக்கப் படிக்க, இதில் பாதியை நான் முன்பே பணம் கட்டிப் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது. அந்தப் பணத்தின் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். பத்து மூட்டை துவரம்பருப்பு பேசி முடிக்கிறோம். பேச்சு வாக்கிலேயே வியாபாரம் முடிகிறது. லாரி வந்து மூட்டை இறங்கி, தொகையும் கைமாறிவிட்டால் சரக்கு நம்முடையது. இதற்குப் பத்திரமோ பதிவோ வேண்டியதில்லை. நிலத்துக்கு இந்த முறை செல்லாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் விற்க முடியும் என்று அச்சட்டத்தின் 54-ஆம் பிரிவு கூறுகிறது. முழுத் தொகையையும் கொடுத்து, சாவியை வாங்கி, உள்ளே சரக்கை அடுக்கிவிட்டாலும் கிரயப் பத்திரம் பதிவாகாதவரை மனை விற்றவருடையதே. கிரய ஒப்பந்தம் என்பது ‘விற்கிறேன்’ என்ற வாக்குறுதி மட்டுமே. அதனால் மனையில் நமக்கு உரிமை பிறப்பதில்லை. பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு ‘வாங்கியாயிற்று’ என்று இருப்பவர்கள் நம்மில் உண்டு. அவ்வகைப் பத்திரங்களால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது.

அடுத்து, நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் மூன்று விஷயங்கள். உரிமை ஒன்று, சுவாதீனம் ஒன்று, பட்டா ஒன்று. உரிமை பத்திரத்தாலும் வாரிசு முறையாலும் வருவது. சுவாதீனம் என்பது இடம் யார் கையில் இருக்கிறது என்பது. பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு; தீர்வை யார் கட்ட வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. பட்டா மட்டும் ஒருவரை உரிமையாளர் ஆக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் தொல்லையில்லை. பிரிந்து கிடந்தால்தான் வழக்கு.

இனி என் கணக்கு. 1991-இல் பஜாருக்குப் பின்புறம் எட்டு சென்ட் மனை ஒன்று விலைக்கு வந்தது. கிட்டங்கி கட்ட வசதியான இடம். விற்றவருடைய தகப்பனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் காலமான பிறகு பட்டா மகன் பெயருக்கு மாறியிருந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கிரயப் பத்திரம் முறையாகப் பதிவாயிற்று, பட்டாவும் என் பெயருக்கு வந்தது. தரகரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், “அவருக்குத் தங்கை ஒருத்தி உண்டே?” என்று. “கல்யாணத்தில் நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்று. அவளுக்கு இனி என்ன இருக்கிறது?” என்றார். அப்போது அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

நான்காம் வருடம் அந்த அம்மாள் கடைக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. “அண்ணாச்சி, எங்க அண்ணன் உங்களுக்கு வித்தது அவர் பங்கைத்தான். என் பங்கை நான் யாருக்கும் விக்கலையே” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பாக வழக்குப் போட்டார். ஆறு வருடம் வாய்தாவுக்கு அலைந்த பிறகு சமரசம் செய்து, பாதி மனைக்கு அன்றைய விலையை அவருக்குக் கொடுத்தேன். நான் முதலில் முழு மனைக்கும் கொடுத்ததைவிட அது அதிகம்.

அந்த அம்மாள் சொன்ன ஒரு வரியைத்தான் பேத்தியின் குறிப்பேட்டில் இப்போது பார்த்தேன். தன்னிடம் உள்ளதைவிட அதிக உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது என்பது நிலச் சட்டத்தின் அடிப்படை விதி. கூட்டுரிமையாளரில் ஒருவர் விற்றால் அவருடைய பங்கு மட்டுமே வாங்கியவருக்குச் சேரும் என்கிறது 44-ஆம் பிரிவு. பெண்களுக்குச் சொத்துரிமை 1989-இல் வந்ததுதானே என்று சிலர் கேட்பார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டிலும், 2005-இல் நாடு முழுவதும் வந்தது பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் வரும் உரிமை. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. மனைவியும் தாயும் உயிரோடிருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. நகையும் சீரும் பங்குக்கு ஈடாகாது. பங்கு வேண்டாம் என்றால் அவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றில் ஏன் இது தெரியவில்லை? அதில் வருவது பதிவான பத்திரங்களின் விவரம் மட்டுமே. ஒருவர் இறந்ததும் உரிமை தானாகவே வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. அதை யாரும் பதிவு செய்வதில்லை. பதிவு செய்யாத உயிலும் அதில் வராது. முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாலும் காகிதம் சுத்தமாகவே இருக்கும். ஆகவே, மூலப் பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் வேறாக இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் எந்த வங்கியில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடையில் இருப்பவர்கள். அவர்களுக்கும் அதே விதிதான். வாடகைக்கு விடுவது என்றால் இடத்தை அனுபவிக்கும் உரிமையை ஒரு காலத்துக்கு மாற்றிக் கொடுப்பது. அதில் உரிமம் என்று வேறொன்று உண்டு; அது வெறும் அனுமதி. கல்யாண மண்டப வாசலில் இரண்டு நாள் கடை போட விடுவது அனுமதி. சாவி நம்மிடம் இருந்து, கடை முழுக்க நம் கட்டுப்பாட்டில் இருந்தால் அது வாடகை உரிமை. பத்திரத்தின் தலைப்பில் ‘உரிமம்’ என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது, உள்ளடக்கம் என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். உச்ச நீதிமன்றம் 1959-இல் இதை விளக்கியிருக்கிறது.

பதினொரு மாத ஒப்பந்தம் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க வந்த வழக்கம் அது. ஐந்து வருடத்துக்கு என்று வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு பதிவு செய்யாமல் விட்டால், ஐந்து வருடம் என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, பதினொரு மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும். பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

காலி செய்யும் வாடகைதாரரிடம் குட்வில் என்று லட்சக்கணக்கில் கொடுத்துக் கடையைப் பிடிக்கிறோமே, அங்கேயும் என் எட்டு சென்ட் கதைதான். கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் நமக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் உரிமையாளரை நேரில் பாருங்கள்.

‘பன்னிரண்டு வருடம் இருந்தால் இடம் நமக்கே’ என்ற பேச்சு டீக்கடையில் நெடுநாளாக உலவுகிறது. பன்னிரண்டு வருடக் கணக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் உரிமையாளரை எதிர்த்து, அவர் உரிமையை மறுத்து, வெளிப்படையாக அனுபவித்தவருக்கே அது. மாதாமாதம் வாடகை கொடுத்து ஐம்பது வருடம் இருந்தாலும் வாடகைதாரர் வாடகைதாரரே. அதே சமயம், சுவாதீனத்துக்குச் சட்டம் கொடுக்கும் மதிப்பும் சாதாரணமல்ல. முறையான நடவடிக்கை இல்லாமல் உரிமையாளர் இரவோடிரவாக நம் கடைக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டால், ‘ஸ்பெசிபிக் ரிலீப் ஆக்ட்’ என்று வழக்கறிஞர்கள் சொல்லும் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். அவர்தான் சொந்தக்காரர் என்பது அந்த வழக்கில் பதிலாகாது. ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பதே முக்கியம். சமாதானம் பேசிப் பேசியே அந்த ஆறு மாதத்தை விட்டவர்கள் இருவரை எனக்குத் தெரியும்.

நாம் போட்ட ராக்கை, ஷட்டர் முதலியவற்றைச் சாவி கொடுப்பதற்கு முன்பே கழற்றிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படிதான்.

அடமானம், ஒத்தி இவற்றைப் பேத்தி இன்னும் படித்து முடிக்கவில்லை. அவளுக்குத் தேர்வு முடிந்ததும் அடுத்து எழுதுகிறேன்.