குருவின்பால் மயங்கிய உறவினர்க்கு உதவும் நெறி

பெங்களூரில் தொழில் புரியும் அன்பர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமியன்று எம் சங்கத்துக்கு வந்தார். வழிபாடு முடிந்து அனைவரும் சென்ற பின்னரும் அவர் எழாது அமர்ந்திருந்தார். யாம் காரணம் வினவியபோது கண் கலங்கித் தம் குறையைக் கூறினார்.

அவருடைய அன்னையார் ஓய்வுபெற்ற ஆசிரியை. கோலார் தங்கவயலில் தனியே வாழ்பவர். கணவர் மறைந்த இரண்டாம் ஆண்டில், அண்டை வீட்டார் அழைக்க, ஒரு குருவின் சத்சங்கத்துக்குச் சென்றார். முதலில் வாரம் ஒருமுறை சென்றவர், பின்னர் நாள்தோறும் செல்லலானார். ஓய்வூதியத்தின் பெரும்பகுதி ஆசிரமத்துக்குக் காணிக்கையாயிற்று. முடிவில், குரு தரும் தீர்த்தமே போதுமென்று நீரிழிவுக்கு உண்டுவந்த மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். செய்தி அறிந்து விரைந்து சென்ற மகன், சினம் மேலிட்டுப் பூசையறையில் இருந்த குருவின் படத்தைத் தரையில் வீசி உடைத்தார். அன்னையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உடைந்த கண்ணாடியைக் கூட்டி எடுத்தார். மறுநாள் ஆசிரமத்துக்கே குடிபெயர்ந்தார். ஐந்து திங்களாகத் தாய்க்கும் மகனுக்கும் பேச்சில்லை.

“அம்மாவை அந்த மனிதரிடமிருந்து எப்படி மீட்பேன், ஐயா?” என்பதே அவர் எம்மைக் கேட்டது.

இவ்வினா அவர் ஒருவருடையது அன்று. மகளை எண்ணியும், தம்பியை எண்ணியும், கணவனை எண்ணியும் இதையே கேட்பார் பலர். ஆதலின் இத்திங்கள் பாடத்தில் இதனையே ஆராயப் புகுகின்றோம்.

இத்துன்பம் புதியதன்று. பகவன் புத்தரின் உறவினனும் அவரிடமே துறவு பூண்டவனுமாகிய தேவதத்தன், தானே குருவாக வேண்டுமென்று அவாவினான். மகத நாட்டு இளவரசன் அஜாதசத்துருவைத் தன் சித்திகளால் கவர்ந்தான். இளவரசன் காலையும் மாலையும் தேர்களோடு சென்று அவனை வணங்கினான். உணவை மிகுதியாக அனுப்பினான். அந்தக் குருபக்தி எங்கே சென்று முடிந்தது? தந்தை பிம்பிசாரனையே உயிரிழக்கச் செய்த பெரும் பழியில் முடிந்தது. பின்னர் தேவதத்தன் சங்கத்தையும் பிளந்தான். வாழ்நாள் முழுதும் காட்டிலே வாழ்தல், பிச்சையேற்ற உணவையே உண்ணுதல், கந்தலே உடுத்தல், மரத்தடியிலேயே தங்குதல், மீனும் ஊனும் தவிர்த்தல் என்னும் ஐந்தையும் பிக்குகள் அனைவர்க்கும் கட்டாயமாக்குமாறு கேட்டான். பகவர் அதனைக் கட்டாயமாக்க உடன்படவில்லை. அதனையே காரணமாகக் காட்டி, வைசாலியிலிருந்து வந்த புதிய பிக்குகள் 500 பேரைத் தன்பின் அழைத்துக்கொண்டு கயாசீச மலைக்குச் சென்றான்.

இங்கே ஒன்றை நாம் உற்றுநோக்குதல் வேண்டும். அந்த 500 பேரும் தீயோர் அல்லர், அறிவிலிகளும் அல்லர். கடுமையான நோன்பே உயர்ந்த நெறி என்று நம்பிச் சென்ற நல்லெண்ணத்தினர், துறவுக்குப் புதியவர்கள். இன்று ஒரு குருவின்பால் தம்மை ஒப்படைப்போரும் பெரும்பாலும் இத்தகையோரே. துயரத்தில் ஆறுதலையோ, தனிமையில் துணையையோ, வாழ்வில் ஒரு பொருளையோ தேடிச் சென்றவர்கள் அவர்கள். எதுவும் காரணமின்றித் தோன்றுவதில்லை என்பது நாம் கற்ற முதற்பாடம். ஆதலால், ‘அந்தக் குரு எத்தகையவர்?’ என்று கேட்குமுன், ‘என் உறவினர்க்கு அவரிடம் கிடைத்தது யாது?’ என்று கேட்பதே முறை. அன்பரிடம் யாம் இதனைக் கேட்டோம். அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்து, “அங்கே நாள்தோறும் யாரோ ஒருவர், ‘சாப்பிட்டீர்களா அம்மா?’ என்று கேட்கிறார்கள்” என்றார். கணவர் மறைந்தபின் அந்த வினாவை அவ்வீட்டில் எவரும் கேட்டதில்லை என்பது அப்பொழுதுதான் அவர்க்கே விளங்கிற்று.

இனி, அந்த 500 பேரும் மீண்டு வந்த வகையைக் காண்போம். பகவர் அவர்களைச் சபிக்கவில்லை, கைவிடவும் இல்லை. சாரிபுத்திரரையும் மொக்கல்லானரையும் அவர்களிடம் அனுப்பினார். அவ்விருவரும் தேவதத்தன் அவைக்கே சென்று அமர்ந்தனர். அவர்களை நம்ப வேண்டாமென்று கோகாலிகன் எச்சரித்தான். தேவதத்தனோ, தன் வழியை ஏற்றுத்தான் வந்தனர் என்று மகிழ்ந்தான். இரவு நெடுநேரம் தானே பேசி, முதுகு நோகின்றதென்று சாரிபுத்திரரைப் பேசச் சொல்லிவிட்டுப் படுத்தவன் உறங்கிப்போனான். அதன்பின் இருவரும் அறம் உரைத்தனர். தேவதத்தனை இகழ்ந்துரைத்து அப்பிக்குகளை வென்றார்கள் என்று வரலாறு கூறவில்லை. மெய்ந்நெறியை விளக்கினார்கள் என்றே கூறுகின்றது. கேட்டோர்க்கு அறக்கண் திறந்தது. இறுதியில் சாரிபுத்திரர், தாம் பகவரிடம் செல்வதாகவும், விருப்பமுடையோர் உடன் வரலாம் என்றும் மட்டும் அறிவித்தார். 500 பேரும் எழுந்து உடன் சென்றனர்.

திரும்பியவர்களுக்கு மறுபடியும் துறவு அளிக்கவேண்டுமோ என்று சாரிபுத்திரர் வினவினார். பகவர் அது வேண்டாவென்றார். பிளவினைப் பின்பற்றிய குற்றத்தை ஒப்புக்கொள்வதே போதுமென்று அவர்களை முன்போலவே ஏற்றுக்கொண்டார்.

இவ்வரலாற்றில் நமக்கு மூன்று நெறிகள் உள. ஒன்று, அவர்கள் இருக்குமிடத்துக்கு நாம் செல்லவேண்டும். இரண்டு, குருவைத் தாக்குதல் வேண்டா. உறவினரின் அறிவோடு பேசவேண்டும். மூன்று, திரும்பும் வழியில் நாணமென்னும் முள்வேலியை நாம் இடலாகாது. ‘நான் அன்றே சொன்னேன்’ என்னும் ஒரு சொல், மீண்டு வந்தவரையும் மறுபடி அனுப்பிவிடும்.

குருவைத் தாக்குதல் ஏன் தகாது? ஒருவர் தம் நெஞ்சை ஓரிடத்தில் வைத்தபின், அவ்விடத்தின்மேல் எறியும் கல் அவர்மேலேயே விழும். உடைந்தது கண்ணாடிச் சட்டமே எனினும், அன்னையார் உணர்ந்தது தம்மையே மகன் உடைத்தான் என்பதாகும். மேலும், ‘உலகத்தார் உன்னைத் தடுப்பர்’ என்று குருவானவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், நம் சினம் அவர் சொல்லை மெய்ப்பிக்கும் சான்றாகிவிடும். வன்முறையால் மீட்க முயன்றோரும் உளர். 1970-களில் அமெரிக்காவில் சில பெற்றோர், வயதுவந்த மக்களை ஆள் வைத்துக் கடத்தி, அறையில் அடைத்து, மனத்தை மாற்ற முயன்றனர். அத்தொழில் செய்தோருள் சிலர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். மக்களுள் சிலர் மீண்டனர். வேறு சிலரோ பெற்றோரை முற்றிலும் வெறுத்துப் பிரிந்தனர். நம் நாட்டிலும், 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு, மனச்சான்றின்படி சமயம் பேணும் உரிமையை அனைவர்க்கும் அளித்துள்ளது. வயதுவந்த ஒருவரின் பக்தியைக் கட்டாயத்தால் மாற்றும் உரிமை மகனுக்கும் இல்லை, கணவனுக்கும் இல்லை.

பகவர் தம்பால் வந்தவரிடமும் இவ்வுரிமையைப் போற்றினார். நாளந்தையில் உபாலி என்னும் இல்லறத்தார் நிகண்ட நாதபுத்திரரின் முதன்மையான அடியவராக விளங்கினார். வாதிட வந்த அவர் பகவரின் சொல்லால் மனம் மாறி, அடைக்கலம் வேண்டினார். பகவர் மகிழ்ந்து உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. நன்கு ஆராய்ந்து முடிவு செய்யுமாறு கூறினார். அதுமட்டுமன்றி, அவர் இல்லம் நெடுங்காலம் நிகண்டர்க்கு நீர்த்துறைபோல் இருந்ததாதலின், அவர்கள் வரும்போது இனியும் உணவளித்தலை எண்ணுமாறும் பணித்தார். பிறர் குருவை இழிவுசெய்து தம் பக்கம் ஆள் சேர்க்காத பெருமையை இங்கே காண்கின்றோம்.

ஆயினும், தாக்காதிருத்தல் என்பது ஆராயாதிருத்தல் ஆகாது. பிரசேனஜித்து மன்னன் ஒருநாள் சிராவத்தியில் பகவருடன் இருந்தபோது, சடையும் நகமும் வளர்த்த துறவிகள் சிலர் அவ்வழியே சென்றனர். மன்னன் எழுந்து மண்டியிட்டு வணங்கி, உலகில் அருகநிலை எய்தியோருள் இவர்களும் அடங்குவர் என்று பகவரிடம் கூறினான். இல்வாழ்வில் இருப்போர்க்கு அதனை அறிதல் அரிது என்றார் பகவர். ஒருவரின் ஒழுக்கம் உடன் வாழ்வதாலும், தூய்மை கொடுக்கல் வாங்கலாலும், உறுதி இடுக்கண் வந்த காலத்தும், அறிவு உரையாடலாலும் அறியப்படும். அதுவும் நெடுங்காலம் கருத்தோடு நோக்கினால் மட்டுமே என்று விளக்கினார். அப்பொழுது மன்னன், சென்றவர்கள் தன் ஒற்றர்களே என்று ஒப்புக்கொண்டான்.

இந்நான்கு அளவைகளும் நாம் உறவினர்முன் வைக்கத்தக்க வினாக்களாகும். குற்றஞ்சாட்டும் குரலில் அன்றி, அறிய விரும்பும் குரலில் அவற்றை வினவுதல் வேண்டும். குரு பிறர்க்குச் சொல்லும் ஒழுக்கத்தைத் தாமும் பேணுகின்றாரா? காணிக்கைக்குக் கணக்கு உண்டா? அன்பர் ஒருவர்க்கு நோயோ வறுமையோ வந்தபோது ஆசிரமம் அவரை எவ்வாறு நடத்திற்று? ஐயம் கேட்டவர்க்கு விடை கிடைத்ததா, வசை கிடைத்ததா? விலகிச் செல்ல விரும்பியோர் அமைதியாகச் செல்ல முடிந்ததா? ஒரு சந்திப்பில் ஒரு வினா போதும். விடையை உடனே பெற விரைதல் வேண்டா. வினா மனத்தில் தங்கினால் அதுவே தன் வேலையைச் செய்யும். விடைகள் அனைத்தும் நல்லனவாயின், அக்குருவினால் கேடில்லை என்று நாமும் அமைதி கொள்ளுதல் நேர்மை. தம்மையே ஆராயுமாறு சீடர்களுக்குக் கூறியவர் பகவர். ஆதலின் நம் சங்கத்தையும், நம் பிக்குகளையும், இப்பாடம் எழுதும் எம்மையும் இவ்வளவைகளாலேயே அளந்து கொள்க.

பொறுமைக்கும் எல்லை உண்டு. 1995 மார்ச் 20-ஆம் நாள் டோக்கியோ நகரின் சுரங்க இரயில்களில் ‘ஓம் சின்ரிக்கியோ’ என்னும் கூட்டத்தார் சாரின் நச்சுப்பொருளைப் பரப்பினர். 14 பேர் அதனால் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் துன்புற்றனர். அக்கூட்டத்தின் தலைவர் ஷோகோ அசஹாரா பௌத்தச் சொற்களையே எடுத்தாண்டவர். துறவு என்ற பெயரால் சீடர்கள் குடும்பத்தைப் பிரிந்து, பொருளையெல்லாம் அவரிடம் ஒப்படைத்தனர். சீடர்களுள் உயர்ந்த அறிவியற் கல்வி கற்றோரும் இருந்தனர். பிள்ளைகளை மீட்கப் பெற்றோர்க்குத் துணைநின்ற வழக்கறிஞர் சுட்சுமி சகமோட்டோ, 1989 நவம்பரில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் அக்கூட்டத்தாரால் கொல்லப்பட்டார். தலைவரும் சீடர் பன்னிருவரும் 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர். புத்தரின் பெயரைச் சொல்வதாலேயே ஒரு கூட்டம் தூயதாகிவிடாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

ஆதலின், உயிருக்கோ உடலுக்கோ கேடு நேருமிடத்தில் வாளாவிருத்தல் கருணையாகாது. குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு உள்ளாவதாக அறிந்தால், 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தல் அறிந்தவர் ஒவ்வொருவர்க்கும் கடமையாகும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறர் பங்கை ஒருவர் தாமாகவே தானம் செய்ய இயலாது. அவ்விடத்து வழக்கறிஞரைக் கலந்து கொள்க. நோயாளி மருந்தை நிறுத்தினால், குருவைப் பற்றிய பேச்சைத் தனியே வைத்து, மருந்தைப் பற்றி மட்டும் பேசுக. நீரிழிவுக்கு மருந்தை நிறுத்தியவர் சிலகாலம் நலமாகவே இருப்பதுபோல் தோன்றுவார். ஆனால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் ஓசையின்றிக் கெடும். இன்சுலின் ஊசியையே நம்பி வாழ்வோர் அதனை நிறுத்தினாலோ, சில நாளிலேயே உயிருக்கு இடராகும்.

இவற்றை அன்பரிடம் கூறினோம். அடுத்த ஞாயிறன்று அவர் இரயிலேறி ஆசிரமத்துக்குச் சென்றார். படத்தை உடைத்தமைக்கு அன்னையிடம் மன்னிப்புக் கேட்டார், வேறொன்றும் பேசவில்லை. அதன்பின் ஞாயிறுதோறும் சென்றார். சில நாள் சத்சங்கத்திலும் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். நாள்தோறும் இரவில் தொலைபேசியில் அழைத்து, “சாப்பிட்டீர்களா அம்மா?” என்று கேட்கலானார். மூன்றாம் திங்களில் ஒரு வினாவை மட்டும் வைத்தார்: “உங்கள் குருவுக்குக் காய்ச்சல் வந்தபோது மருத்துவரை அழைத்தார்களாமே, அம்மா?” அன்னையார் விடை கூறவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே, “டாக்டரிடம் ஒருமுறை போய் வரலாமா?” என்றார்.

அன்னையார் இன்று தம் வீட்டிலேயே வாழ்கின்றார். மாத்திரைகளை ஒழுங்காக உண்கின்றார். குருவின் படம் பூசையறையில் இன்றும் இருக்கின்றது. உடைந்த கண்ணாடிக்கு மாற்றாகப் புதிய கண்ணாடி போட்டுத் தந்தவர் மகனே. வியாழக்கிழமை சத்சங்கத்துக்கு அவர் செல்வதும் நிற்கவில்லை. “நான் முழுவதும் வெல்லவில்லை, ஐயா” என்று அன்பர் அண்மையில் எம்மிடம் கூறினார். அன்னையை இழக்கவில்லை அன்றோ என்றோம். வெல்லுதல் அவர் மேற்கொண்ட பணியன்று. தம் தாய் தாமே காணவும், தாமே ஐயுறவும், தாமே முடிவு செய்யவும் துணைநிற்பதே மகன் செய்யத்தக்கது. அதனை அவர் செய்தார்.

வாசகர்கள் இத்திங்கள் தம் இல்லத்தாரோடு அமர்ந்து, மேலே கூறிய நான்கு அளவைகளையும் எண்ணிப் பார்ப்பாராக. நம்மைவிட்டு விலகிய உறவினர் எவரேனும் இருப்பின், அவர்க்கு இவ்வாரமே ஒரு கடிதமேனும் எழுதுவாராக. அதில் அவர் குருவைப் பற்றி ஒரு வரியும் வேண்டா. அவர்தம் நலத்தை மட்டும் வினவினாற் போதும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க.