விற்குமுன் குறையைச் சொல்லுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் விலைகூடிய இரண்டு இயர்போன்களைக் காட்டி, "நானா, எது நல்லம்?" என்று கேட்டார்.

ஒன்று, 2012இல் வந்த சென்ஹைசர் ஐ.ஈ.800. காதுக்கு 7 மில்லிமீற்றர் ஸ்பீக்கர் ஒன்று. மற்றது, 2013இல் வந்த ஷூர் எஸ்.ஈ.846. காதுக்கு நான்கு. எண்ணிக்கை கூடினால் ஓசையும் சிறக்கும் என்றில்லை. காதில் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் இரண்டிலுமே பேஸ் குறைந்துவிடும்.

வியாபாரி கவனிக்க வேண்டியது வயரை. ஷூரில் வயர் பழுதானால் கழற்றி வேறு போடலாம். சென்ஹைசரில் காதுப்பக்க வயரைக் கழற்ற முடியாது. அறுந்தால் இயர்போனையே திருத்தக் கொடுக்க வேண்டும்.

முன்பொருமுறை இதைச் சொல்லாமல் விற்று, நல்ல வாடிக்கையாளர் ஒருவரை இழந்தவன் நான். இம்முறை சொல்லிவிட்டேன். அவர் ஷூரை வாங்கினார். எனக்கு இலாபம் சற்றுக் குறைவு. ஆனால் அவர் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார்.