மடிக்கணினி வாங்கப் போகிறீர்களா?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் மே மாதத்திலிருந்து கல்லூரி திறக்கும் ஆகஸ்ட் வரை, தில்லித் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கும். "ஸார், பொண்ணுக்கு லேப்டாப் வாங்கணும். முப்பத்தஞ்சாயிரத்துக்கு மேல முடியாது. எதை வாங்கலாம்?"

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணிப்பொறிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறார்கள். ஒரு மாடலின் பெயரைச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் மாடல்கள் சில மாதங்களுக்கு ஒரு முறை மாறுகின்றன. ஒரே பெயரில், உள்ளே வெவ்வேறு பாகங்களோடு நாலைந்து விதம் விற்கிறார்கள். ஆகவே பெயரைச் சொல்வதைவிட, பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே பயன் தரும். இக்கட்டுரை அதற்கான பாடம்.

முதல் விதி

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிகள் இணையவழிக்கு மாறியபோது, எனக்குத் தெரிந்த இரு குடும்பங்கள் ஒரே வாரத்தில் மடிக்கணினி வாங்கின. இரண்டிலும் நினைவகம் 4 ஜிபிதான். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. முதலாவதில் செலரான் பிராசசர். 64 ஜிபி சேமிப்பகம். நினைவகம், சேமிப்பகம் இரண்டும் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டவை. இரண்டாவதில் பத்தாம் தலைமுறை ஐ3. சாதாரண ஹார்டு டிஸ்க். உள்ளே ஒரு காலி ஸ்லாட்.

இரண்டே ஆண்டுகளில் இரண்டும் திணறத் தொடங்கின. இரண்டாவது குடும்பம் நேரு பிளேஸுக்குப் போய் இன்னொரு 4 ஜிபி நினைவகமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டுக்கொண்டது. அந்தப் பெண் அதே கணினியில் பி.காம். முடித்தாள். முதல் குடும்பத்துக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. தாயார் சீட்டு எடுத்து வாங்கிய கணினி அது. படிப்பின் நடுவில் இரண்டாவது முறையும் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

ஆகவே முதல் விதி இது: பின்னால் மாற்ற முடியாத பாகங்களுக்கு இருக்கிற பணத்தை முதலில் ஒதுக்குங்கள். மாற்ற முடிந்தவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிராசசர், திரை, கீல், பற்ற வைத்த நினைவகம் ஆகியவை மாற்ற முடியாதவை, அல்லது மாற்றினால் கட்டுப்படியாகாதவை. எஸ்எஸ்டி, ஸ்லாட்டில் செருகும் நினைவகம், பேட்டரி ஆகியவை மாற்றக்கூடியவை.

பிராசசர் எண்ணைப் படிப்பது எப்படி?

கடைக்காரர் "ஐ-ஃபைவ் ஹை, படியா ஹை!" என்பார். அதோடு நிற்காதீர்கள். ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி, வயதைச் சொல்லாது. வயது, அதை அடுத்துள்ள எண்ணில் இருக்கிறது. ஐ5-7200யூ என்றால் முதல் இலக்கம் 7, அதாவது ஏழாம் தலைமுறை. எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படியுங்கள். ஐ3-1215யூ என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பழைய ஐ5-ஐவிடப் புதிய இந்த ஐ3 நன்றாகவே வேகமானது. 2024 முதல் 'ஐ' இல்லாமல் கோர் 3, கோர் 5 என்ற பெயர்களும் வந்துவிட்டன. அவற்றுக்கு முழு எண்ணையும் குறித்துக்கொண்டு இன்டெல் தளத்தில் பார்த்துவிடுவதே நல்லது.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். 7520-இல் மூன்றாவது இலக்கம் 2, 2019-இல் வெளிவந்த 'ஜென் 2' வடிவமைப்பு, நான்கு கோர்கள். 7530-இல் அது 3, 2020-இன் 'ஜென் 3', ஆறு கோர்கள். 7520 உள்ள கணினிகளில் நினைவகமும் பற்ற வைத்தே வரும். ஒரே ஓர் இலக்கத்தில் இவ்வளவு அடங்கியிருக்கிறது!

கடிதம் எழுத, பாடம் பார்க்க மட்டும் என்றால் செலரான் போன்ற சிறிய பிராசசர்கள் போதும். நான்கு வருடப் பட்டப் படிப்புக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

நினைவகமும் சேமிப்பகமும்

நினைவகம் 8 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம். பொறியியல் அல்லது கணினிப் படிப்பு என்றால் 16 ஜிபி வரை போக வழி இருக்க வேண்டும். கடையில் இப்படிக் கேளுங்கள்: "நினைவகம் போர்டில் பற்ற வைத்ததா? காலி ஸ்லாட் உண்டா? அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும்?" முழுவதும் பற்ற வைத்தது என்றால், நான்காம் ஆண்டில் தேவைப்படும் அளவை இன்றே வாங்கியாக வேண்டும்.

சேமிப்பகத்தில் எஸ்எஸ்டி இருக்க வேண்டும். 512 ஜிபி வசதியானது. பணம் போதாவிட்டால் 256 ஜிபியோடு வாங்கிப் பின்னால் மாற்றலாம். 'இஎம்எம்சி' என்று எழுதியிருந்தால் தவிர்த்துவிடுங்கள். அது மெதுவானது, பெரும்பாலும் பற்ற வைத்தது. 64 ஜிபி கொண்ட இஎம்எம்சி கணினிகளும் விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸ் 11-இன் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபிதான். அப்புறம் பிள்ளையின் பாடங்களுக்கு இடம் எங்கே?

கண்ணாலும் கையாலும் சோதிப்பவை

திரை 1920 x 1080 புள்ளிகள் உள்ளதா என்று பாருங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் நோக்குங்கள். நிறங்கள் வெளுத்தோ தலைகீழாகவோ தெரிந்தால் மட்டமான திரை. ஐபிஎஸ் வகைத் திரையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மூடியைப் பத்து முறை திறந்து மூடுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குங்கள். உடம்பு வளைந்தாலோ, கீல் முனகினாலோ வேண்டாம். மலிவான கணினிகளில் முதலில் உடைவது கீல்தான்.

பேட்டரிக்கு "பத்து மணி நேரம்" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, வாட்-மணி கணக்கைப் பாருங்கள். 42 வாட்-மணி பேட்டரி இருந்து, கணினி 10 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம் வரும். இது எளிய வகுத்தல் கணக்கு. பேட்டரிக்குத் தில்லி வெயில் பெரும் பகை. எப்போதும் மின்சாரத்தில் செருகியே வைப்பதானால், 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிடுங்கள். பல கணினிகளில் இந்த வசதி உண்டு. பேட்டரியின் ஆயுள் கூடும்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைக் கணினிகள் உறுதியானவை. பாகங்களும் எளிதில் கிடைக்கும். ஆனால் நான்கு சோதனைகள் அவசியம்.

முதலாவது தலைமுறை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆறாம் தலைமுறையில் "நாங்க 11 போட்டுத் தர்றோம்" என்றால் ஏமாறாதீர்கள். எப்படியோ ஏற்றிவிடலாம், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இரண்டாவது, பேட்டரி ரிப்போர்ட். கணினியிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிசைன் கெபாசிட்டி 50,000 என்றும், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 25,000 என்றும் இருந்தால் பேட்டரி பாதி தேய்ந்துவிட்டது. புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

மூன்றாவது, பயாஸில் பாஸ்வேர்டோ பழைய அலுவலகத்தின் பூட்டோ இல்லாதிருக்க வேண்டும். நான்காவது, எல்லா விசைகளும், சார்ஜ் துளையும், கேமராவும், ஒலியும் உங்கள் கண்ணெதிரே வேலை செய்ய வேண்டும். எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பில்லும் உத்தரவாதமும்

"பில் இல்லாம எடுத்தா கம்மி பண்றேன்" என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் கணினியின் சீரியல் எண் இருக்க வேண்டும். அதே எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு உத்தரவாதம் எதுவரை என்று கடையிலேயே சரிபாருங்கள்.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். பிள்ளை கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ படிக்கப் போகலாம். நமக்கே வேறு ஊருக்கு மாற்றல் வரலாம். அந்த ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா, ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊருக்கு ஓட வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். மாற்றலில் ஊர் ஊராகப் போகும் நம் போன்றோருக்கு இது பெரிய வசதி.

தமிழில் தட்டச்சு செய்யத் தனியாக மென்பொருள் வாங்க வேண்டாம். விண்டோஸ் 11-இல் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் எழுத்துருவும் தமிழ் 99 விசைப்பலகையும் இலவசமாகக் கிடைக்கும்.

பயிற்சி

உங்கள் முன் இரண்டு கணினிகள், ஒரே விலையில்.

அ) ரைசன் 5 7520யூ, 8 ஜிபி, பற்ற வைத்தது, 512 ஜிபி எஸ்எஸ்டி.

ஆ) ஐ3-1215யூ, 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி, 256 ஜிபி எஸ்எஸ்டி.

பி.டெக். சேரும் மாணவிக்கு எது?

"ரைசன் 5" என்ற பெயரும் 512 என்ற எண்ணும் 'அ'வின் பக்கம் இழுக்கும். ஆனால் அதன் 8 ஜிபி நான்காம் ஆண்டிலும் 8 ஜிபிதான். 'ஆ'வில் நினைவகத்தைக் கூட்டலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம். பிராசசரும் புதிய வடிவமைப்பு. ஆகவே விடை 'ஆ'.

இந்த விடையை நீங்களே கண்டுபிடித்திருந்தால், இனி என்னைத் தொலைபேசியில் தேட வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் பிராசசர் எண், நினைவகம், சேமிப்பகம், திரை, உத்தரவாதம் என்று ஐந்து வரி எழுதிக்கொண்டு, பெண்ணையும் கூட அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அவளையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நான்கு வருடம் அதைச் சுமந்து படிக்கப் போவது அவள்தானே!