மறைக்காமையே மருந்து

நுழையும்முன்

நோய் வந்தால் மருந்து உண்டு என்னும் நம்பிக்கையோடு மனிதன் வாழ்கிறான். குணப்படுத்தும் மருந்தும் இன்றி, உலகெங்கும் ஏற்கப்பட்ட தடுப்பூசியும் இன்றி ஒரு நோய் கால்நடைகளைத் தாக்கினால் என்ன செய்வது? ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் அத்தகைய நோயாகும். அதனை எதிர்கொண்ட நாடுகளின் பட்டறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கொட்டிலில் ஒரு சேமிப்பு

அசாம் மாநிலச் சிற்றூர்களில் பல வீடுகளின் பின்புறம் மூங்கிலால் அமைத்த சிறு கொட்டில் ஒன்றைக் காணலாம். அதில் இரண்டு, மூன்று பன்றிகள் வளரும். வாழைத்தண்டு, சேம்பிலை, தவிடு, சமையலறையில் மிஞ்சும் உணவு ஆகியவற்றை வீட்டுப் பெண்கள் அவற்றுக்கு இடுவர். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், திருமணம் எனச் செலவு நேரும்போது ஒரு பன்றி விற்கப்படும். ஆகவே, அக்கொட்டில் அக்குடும்பத்தின் சேமிப்பு ஆகும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த சுமார் 90 இலட்சம் பன்றிகளில் ஏறத்தாழ 21 இலட்சம் பன்றிகள் அசாமில் இருந்தன.

2020ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அருணாசலப் பிரதேசத்திலும் அசாமிலும் பன்றிகள் காய்ச்சல் கண்டு அடுத்தடுத்து மடிந்தன. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய்களுக்கான தேசிய நிறுவனம் மாதிரிகளை ஆராய்ந்தது. அதுவரை இந்தியாவில் பதிவாகாத ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்துவிட்டது என்பது உறுதியாயிற்று.

நோயின் இயல்பு

இந்நோயைத் தோற்றுவிப்பது ஒரு பெரிய டி.என்.ஏ. தீநுண்மி. ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி வகைகள் சிலவற்றின் உடலிலும், அவற்றின் வளைகளில் வாழும் மென்னுண்ணிகளிலும் அது நெடுங்காலமாகத் தங்கியுள்ளது. அக்காட்டுப்பன்றிகள் பெரும்பாலும் நோய்க்குறி காட்டுவதில்லை. அதே தீநுண்மி வீட்டுப்பன்றியின் உடலுக்குள் புகும்போது கொடிய நோயாகிறது. கடும் காய்ச்சல், உணவு மறுத்தல், காது, வயிறு, கால் ஆகிய பகுதிகளில் தோல் சிவத்தல் அல்லது நீலம் பாரித்தல், குருதி கலந்த கழிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். கடுமையான வகைத் தொற்றில் ஏறத்தாழ எல்லாப் பன்றிகளும் இறந்துவிடும்.

இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. மனிதரிடையே பரவும் பன்றிக்காய்ச்சல் எனப்படுவது வேறொரு தீநுண்மியால் வரும் சளிக்காய்ச்சல் ஆகும். பன்றிகளிடையே நெடுங்காலமாக அறியப்பட்ட மரபுவழிப் பன்றிக்காய்ச்சலும் வேறானது. அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆயினும், இவ்விரு பன்றி நோய்களின் அறிகுறிகளும் ஒத்திருப்பதால் கண்ணால் கண்டு வேறுபடுத்த இயலாது. ஆய்வகச் சோதனையே உண்மையை உரைக்கும்.

பரவும் வழி

நோயுற்ற பன்றியின் குருதி, உமிழ்நீர், சாணம் ஆகியவற்றைத் தொடும் பன்றிக்கு நோய் வரும். ஆனால், இத்தீநுண்மி நெடுந்தொலைவு செல்வது பன்றியின் கால்களால் அன்று, மனிதனின் கைகளால். உறையவைத்த இறைச்சியில் அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட உயிர்ப்புடன் இருக்கும். உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் பல காலம் நிலைக்கும். செருப்பு, வண்டிச்சக்கரம், கத்தி, கயிறு ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்லும்.

1921ஆம் ஆண்டில் கென்யாவில் மான்ட்கோமரி என்னும் ஆய்வாளர் இந்நோயை முதன்முதலில் விரித்துரைத்தார். 1957இல் அது போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனை அடைந்தது. விமானங்களில் மிஞ்சிய உணவுக்கழிவு விமானநிலையத்தை அடுத்து வளர்க்கப்பட்ட பன்றிகளுக்கு இடப்பட்டதே காரணம் என்பர். 2007இல் ஜார்ஜியா நாட்டிற்குள் நுழைந்து ஐரோப்பாவின் கிழக்குப் பகுதிக்குப் பரவியது. 2018 ஆகஸ்டில் சீனாவில் தோன்றியது. உலகப் பன்றிகளில் ஏறத்தாழப் பாதியை வளர்த்த அந்நாடு, அடுத்த ஓராண்டிற்குள் தன் பன்றிகளில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் இழந்தது. மிஞ்சிய உணவை வீணாக்காமல் பன்றிக்கு இடுவது சிக்கனமே. ஆனால், அச்சிக்கனமே நோய்க்கு வாயிலாகிவிடும். அவ்வுணவைக் கிளறியவாறு 90 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வேகவைத்தால் தீநுண்மி அழியும். அடுப்பில் எரியும் அந்த விறகு கொட்டிலைக் காக்கும் வேலியாகும்.

> தெரிந்து தெளிவோம்
> பன்றிக்கு ஏனம், கேழல் என்னும் பெயர்களும் தமிழில் உண்டு. பன்றியின் இளமைப்பெயராகக் குருளை என்பதைத் தொல்காப்பிய மரபியல் குறிக்கிறது. பன்றி இனத்தில் மிகச் சிறியது அசாமின் புல்வெளிகளில் வாழும் குள்ளப்பன்றி. அதன் உயரம் ஏறத்தாழ 25 செ.மீ. மட்டுமே. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இவ்வினம் 1971இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 1996 முதல் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்யப்பட்டு, பின்னர் காட்டிலும் விடப்படுகிறது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இவ்வினத்திற்கும் அச்சுறுத்தலாகும்.

ஸ்பெயின் கற்ற பாடம்

ஸ்பெயின் நாட்டில் 1960இல் நுழைந்த இந்நோய் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீங்கவில்லை. தொடக்கத்தில் வீரியம் குறைத்த தீநுண்மியைக் கொண்டு போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் தடுப்பூசி இடப்பட்டது. பல பன்றிகள் நாட்பட்ட நோய்க்கு ஆளாயின. சில பன்றிகள் வெளியே நலமாகத் தோன்றி உள்ளே நோயைச் சுமந்து பரப்பின. அவசரத்தில் எடுத்த கருவி எதிராகத் திரும்பியது.

1985இல் ஸ்பெயின் வேறு வழியை மேற்கொண்டது. கால்நடை மருத்துவக் குழுக்கள் பண்ணைதோறும் சென்றன. குருதிச் சோதனையால் நோயைச் சுமக்கும் பன்றிகளைக் கண்டறிந்து நீக்கின. பன்றியை இழந்தவருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. வளர்ப்போர் சங்கங்களாக இணைந்து தம் கொட்டில்களைத் தாமே கண்காணித்தனர். பத்தாண்டுகளில், அதாவது 1995இல், அந்நாடு நோயற்றதாயிற்று. நம்பத்தக்க தடுப்பூசி ஒன்றும் இல்லாத நிலையில் கிடைத்த வெற்றி இது. 2023இல் வியட்நாம் தன் நாட்டில் உருவான தடுப்பூசியைப் பயன்படுத்த இசைவு அளித்துள்ளது. எனினும், பழைய பட்டறிவை எண்ணிப் பல நாடுகள் அதன் பாதுகாப்பை ஆராய்ந்தே முடிவெடுக்க விரும்புகின்றன.

சட்டமும் நம்பிக்கையும்

இந்தியாவில் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அட்டவணையில் உள்ள நோய் தன் கால்நடைக்கு வந்துள்ளதாக ஐயுறும் உரிமையாளர், அதனைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது அச்சட்டம். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலுக்கென 2020இல் தேசியச் செயல்திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி, நோய் கண்ட இடத்திலிருந்து 1 கி.மீ. சுற்றளவு தொற்று மண்டலம், 10 கி.மீ. வரை கண்காணிப்பு மண்டலம். தொற்று மண்டலத்தில் உள்ள பன்றிகள் துன்பமின்றிக் கொல்லப்பட்டு, ஆழமான குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கப்படும். கொட்டில்கள் கிருமிநீக்கியால் தூய்மை செய்யப்படும். பன்றிகளையும் இறைச்சியையும் வெளியே கொண்டுசெல்லத் தடை விதிக்கப்படும்.

இங்கேதான் கடினமான கேள்வி எழுகிறது. ஒரு குடும்பத்தின் பன்றி காலையில் உண்ண மறுக்கிறது. உடல் கொதிக்கிறது. இன்றே விற்றால் சிறிது பணமாவது கிடைக்கும். அறுத்து இறைச்சியாக்கினால் அதுவும் பணமே. கால்நடை மருத்துவரிடம் சொன்னாலோ, தன் பன்றிகள் மட்டுமன்றி, நலமாக நிற்கும் அண்டை வீட்டுப் பன்றிகளும் கொல்லப்படலாம். ஊராரின் சினத்தையும் எதிர்கொள்ள நேரும். அக்குடும்பம் மறைக்க எண்ணினால் அதனைப் பேராசை என்று எளிதில் பழித்துவிட முடியாது. அது வறுமையின் அச்சம்.

ஆயினும், விற்ற அப்பன்றி சந்தைக்குப் போகிறது. அறுத்த இறைச்சி பத்து வீட்டுச் சமையலறைகளுக்குப் போகிறது. ஆற்றில் வீசிய உடல் கீழ்க்கரை ஊர்களுக்கும் காட்டு விலங்குகளுக்கும் நோயைச் சுமந்து செல்கிறது. ஒரு கொட்டிலோடு நின்றிருக்க வேண்டிய இழப்பு ஒரு வட்டாரத்தின் இழப்பாகிறது. 2022இல் கேரளத்தின் வயநாட்டுப் பண்ணைகளிலும், 2023இல் தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமும் இந்நோய் கண்டறியப்பட்டது. நோய்க்கு மாநில எல்லை இல்லை. காட்டிற்கும் நாட்டிற்கும் இடையே வேலியும் இல்லை.

எனவே, உண்மையைச் சொல்வது வளர்ப்பவரின் கடமை என்றால், சொன்னவர் அழிந்துபோகாமல் காப்பது சமூகத்தின் கடமை. உரிய இழப்பீடு காலந்தாழ்த்தாமல் கைக்கு வரும் ஊரில் மக்கள் முன்வந்து சொல்வர். வராத ஊரில் அடுத்த முறை மறைப்பர். இழப்பீடு கருணைத்தொகை அன்று; அதுவும் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியே.

கொட்டிலைக் காக்கும் நெறிகள்

வெளியாரைக் கொட்டிலுக்குள் விடாமை, வாயிலில் கிருமிநீக்கி நிறைந்த காலடித்தொட்டி வைத்தல், கொட்டிலுக்கெனத் தனிச் செருப்பு அணிதல், புதிதாக வாங்கிய பன்றியைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்த்தல், உணவுக்கழிவை வேகவைத்து இடுதல், பன்றிகளை மேயவிடாமல் அடைத்து வளர்த்தல் ஆகியவை உயிரிப் பாதுகாப்பு நெறிகளாகும். இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பவை சிலவே. பெரும்பாலானவை நாள்தோறும் தவறாத ஒழுங்கையே வேண்டுகின்றன.

மருந்து கண்டறியப்படும் நாள் வரலாம். அதுவரை இந்நோயின் முன் மனிதனிடம் உள்ள கருவிகள் மூன்று: தூய்மை, விழிப்பு, மறைக்காமை. முன்னிரண்டும் தனி ஒருவரால் இயலும். மூன்றாவதற்கு ஊரும் அரசும் துணைநிற்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் உள்ள கால்நடை மருத்துவரைக் கண்டு, கால்நடைகளுக்கு வரும் தொற்றுநோய்களையும் தடுப்பு முறைகளையும் கேட்டறிந்து தொகுக்க.
2. ‘நோயை மறைப்பவர் குற்றவாளியா? பாதிக்கப்பட்டவரா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலை உறுதிசெய்ய ஆய்வகச் சோதனை தேவைப்படுவது ஏன்?

சிறுவினா: ‘சிக்கனமே நோய்க்கு வாயிலாகிவிடும்’ – விளக்குக.

நெடுவினா: இழப்பீடும் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியே என்பதை ஸ்பெயின், இந்திய நாடுகளின் பட்டறிவு கொண்டு நிறுவுக.