முட்டுக் கொடுத்த கட்டையை எடுப்பது எப்போது?

சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பது விவேகம். சுவரைச் சரிசெய்த பிறகும் கட்டை அங்கேயே கிடந்தால், போவோர் வருவோர் காலை இடறும். தாங்குவதற்கு வைத்த முட்டு, நாளடைவில் முட்டுக்கட்டையாகிவிடும். வீட்டுக்கும் ரயில் பாதைக்கும் பொருந்தும் இந்த உண்மை, நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் மென்பொருள் துறைக்கும் பொருந்துகிறது. ரயில்வேயில் டிப்ளமோ பொறியாளனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். கணிப்பொறியைப் பற்றிப் படித்தவற்றுள், என் பழைய தொழிலுக்கு மிக நெருக்கமாகத் தோன்றிய ஒரு செய்தியை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கணிப்பொறிக்குள் கணிப்பொறி

ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் தனித்தனியே இயங்குவதுபோல் அமைப்பதை மெய்நிகராக்கம் என்கிறார்கள். ஒரு பெரிய வீட்டைத் தடுத்து நாலு குடித்தனம் வைப்பதைப் போன்றது இது. லினக்ஸ் உலகில் இந்த வேலையை இரண்டு மென்பொருள்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று, கெர்னல் எனப்படும் லினக்ஸின் மையப் பகுதியில் 2007-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட கே.வி.எம். மற்றது, ஃபாப்ரீஸ் பெல்லார் 2003-இல் தொடங்கிவைத்த கியூஎமு. கெர்னல் வீட்டு உரிமையாளர் என்றால், கியூஎமு அவரிடம் கேட்டு வாங்கிக் குடித்தனக்காரருக்கு இடம் ஒதுக்கும் காரியஸ்தர்.

இவை இரண்டும் ஒரே நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை. புதிய கியூஎமுவைப் பழைய கெர்னலின் மேல் ஓட்டுவோர் உண்டு. அந்தப் பழைய கெர்னலில் பிழை இருந்தால், கியூஎமு அதைச் சுற்றிக்கொண்டு போயாக வேண்டும். அந்தச் சுற்றுவழியைத்தான் நான் முட்டு என்கிறேன்.

ஒரு பிழையின் கதை

கியூஎமு, குடித்தனக்காரருக்குத் தரும் நினைவகத்தைத் துண்டுகளாகக் கெர்னலிடம் பதிவு செய்கிறது. சில வேளை பழைய துண்டுகளை நீக்கிவிட்டு, அதே இடத்தை ஒரே பெரிய துண்டாகப் பதிய நேரும். பழைய கெர்னலோ, நீக்கப்பட்ட துண்டின் நீளம் சுழியான பின்பும் 'அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது' என்று மறுத்துவிட்டது.

ரயில்வேக்காரருக்கு இது உடனே புரியும். வண்டி முழுதாக வந்து சேர்ந்தது. கடைசிப் பெட்டியின் எல்.வி. பலகையையும் பார்த்தாயிற்று. ஆனாலும் பிளாக் செக்‌ஷன் காலியில்லை என்று கருவி காட்டினால், அடுத்த வண்டிக்கு வழி கிடைக்காது.

கெர்னலில் இந்தப் பிழை 2009-இல் திருத்தப்பட்டது. திருத்தியவர்கள், 'இந்தக் குறை நீங்கிவிட்டது' என்று காட்டும் ஓர் அடையாளக் கொடியையும் கூடவே நட்டார்கள். கொடி தெரிந்தால் கியூஎமு துண்டுகளைச் சேர்க்கும். தெரியாவிட்டால் பழைய துண்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பேற்றும். இந்த முட்டு 2017-இல்தான் எடுக்கப்பட்டது.

கொடி எதற்கு, கெர்னலின் பதிப்பு எண்ணைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கே.வி.எம். முதலில் சேர்ந்தது 2.6.20 என்ற கெர்னலில். ஆனால் ரெட்ஹாட் நிறுவனம் தன் லினக்ஸ் 5-ஆம் பதிப்பில் 2.6.18 என்ற எண்ணையே வைத்துக்கொண்டு, 2009-இல் அதற்குள் கே.வி.எம்.மைச் சேர்த்தது. எண்ணை மட்டும் பார்ப்பவர், உள்ளே இருப்பதை இல்லை என்று சொல்லிவிடுவார். இஞ்சினின் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து பிரேக்கை மதிப்பிடக் கூடாது. பிரேக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நான்கு கேள்விகள்

முட்டை எடுக்குமுன் கேட்க வேண்டியவை நான்கு என்று எனக்குப் படுகிறது.

1. அதன்மேல் இன்னும் யார் சாய்ந்திருக்கிறார்கள்? கியூஎமு இதற்கு எழுதப்பட்ட விதி வைத்திருக்கிறது. ஒரு லினக்ஸ் வெளியீட்டின் புதிய பெரும்பதிப்பு வந்த பின், முந்தைய பதிப்புக்கு 2 ஆண்டுகள் அல்லது தயாரிப்பாளர் கைவிடும் நாள், எது முன்னதோ அதுவரைதான் ஆதரவு. மேலே சொன்ன ரெட்ஹாட் 5-க்கு வழக்கமான ஆதரவு 2017 மார்ச்சில் முடிந்தது.

2. வேறொரு தேவை இதை ஏற்கெனவே விழுங்கிவிட்டதா? துண்டுகளை ஒழுங்காக நீக்கும் திறனைக் கியூஎமு முன்பே கட்டாயமாக்கியிருந்தது. அந்தத் திறனுக்குச் சுமார் ஆறு மாதம் பின்னால் வந்ததே சேர்க்கும் திறன். முன்னதற்காகக் கெர்னலைப் புதுப்பித்தவர்களில் அநேகமாக எல்லோரிடமும் பின்னதும் இருக்கும்.

3. முட்டு இன்னும் தாங்குகிறதா? இதுதான் முக்கியமான கேள்வி. இடைப்பட்ட ஆண்டுகளில் கியூஎமுவின் உள்வேலை மாறி, பழைய துண்டுகளை முதலில் நீக்கிவிட்டுப் பிறகே புதியதைச் சேர்க்கும் முறை வந்துவிட்டது. துண்டுகள் இணைவதை முட்டு கண்டுபிடிக்கும் வழியே அடைபட்டுப் போயிற்று. பழைய கெர்னலில் யாரும் சோதித்துப் பார்க்காததால், கட்டை உளுத்துப்போனது வெளியே தெரியவில்லை. உளுத்த முட்டு, முட்டு இல்லாததைவிட மோசம். அதை நம்பி ஒருவர் கீழே நிற்பார்.

4. எடுத்தால் குடித்தனக்காரருக்குத் தெரியுமா? ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணிப்பொறியை நிறுத்தாமலேயே வேறு இயந்திரத்துக்கு மாற்றும் வசதி உண்டு. உள்ளிருப்பவர் கண்ணுக்குப் படும் மாற்றமானால், வண்டி நடுவழியில் இருக்கும்போது பாயிண்டை மாற்றியது போலாகும். பயனாளர் கேட்டுப் பெறும் ஒரு வசதியைக் கைவிடுவதானால் கியூஎமு முதலில் அறிவிப்புக் கொடுக்கிறது. அந்தப் பதிப்பிலும் அடுத்த பதிப்பிலும் அது இருக்கும், அதன் பிறகே நீக்கலாம். உள்வேலையோடு நிற்கும் முட்டுக்கு இவ்வளவு சடங்கு தேவையில்லை.

எடுத்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. தேவையான கொடி இல்லாத கெர்னலில், கியூஎமு தொடக்கத்திலேயே எது இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. அரைகுறையாக ஓடி, பாதியில் தரவைக் கெடுப்பதைவிட இது மேல். பழுதுபட்டால் சிக்னல் சிவப்புக்குப் போக வேண்டும் என்ற எங்கள் விதியும் இதுவேதான்.

வைக்கும்போதே எழுதுங்கள்

'இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?' என்பார்கள். நான் பணியாற்றிய ஒரு பிரிவில், சிறு பாலம் ஒன்றின்மேல் வேகக் கட்டுப்பாடு இருந்தது. பாலத்தைப் பழுதுபார்த்துப் பல ஆண்டுகள் ஆகியும் அது நீங்கவில்லை. எதற்காக விதித்தார்கள் என்று கோப்பில் இல்லை. காரணம் தெரியாத ஒன்றை நீக்கக் கையெழுத்துப் போட யாருக்கும் துணிவில்லை. பழைய தாள்களைத் தேடி, பாலத்தை மறுபடி சோதித்த பின்பே அது நீங்கியது. அதுவரை ஒவ்வொரு வண்டியும் தினமும் சில நிமிடங்களை அங்கே இழந்தது. மென்பொருளில் அந்த நிமிடங்களை இழப்பவர்கள், புரியாத வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் இளைஞர்கள். பழையது என்பதற்காக மட்டும் எடுத்துவிடுவதும் தவறு. விபத்து நடக்கவில்லை என்பது பாலம் சரியாகிவிட்டதற்குச் சான்றாகாது.

இத்துறையில் உள்ள நம் பிள்ளைகளுக்கு என் யோசனை இதுதான். ஒரு முட்டை வைக்கும்போதே, பக்கத்தில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: எந்தப் பிழைக்காக வைத்தது, எந்தக் கெர்னலில் அது சரியானது, எந்த நிலை வந்தால் இதை எடுக்கலாம். எடுக்கும் நாளில் நீங்கள் அந்த வேலையில் இல்லாமல் போகலாம், எழுதிவைத்தது இருக்கும். பெற்றோர்களும் தங்கள் பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேலை நமக்கு இவ்வளவு நெருக்கமானதா என்று வியப்பாக இருக்கும்.